ஒரு மைல் தொலைவில் ஒலித்த மணி

(பி.எஸ்ஸி., இயற்பியல், இரண்டாம் ஆண்டு மாணவன்)



சென்ற கோடை விடுமுறையில் என் அண்ணன் எங்கள் வீட்டு வாசலுக்கு ஒரு புதுவகை அழைப்பு மணி வாங்கி வந்தார். வெளியே நிற்பவர் யார் என்பதைக் கதவைத் திறக்காமலே கைப்பேசியில் காட்டும் கேமரா மணி அது. பகலெல்லாம் வீட்டில் தனியாக இருக்கும் எங்கள் அம்மாவுக்கு அது பெரிய துணை. மின்கலத்தில் இயங்கும் அந்த மணியை அடிக்கடி கழற்றிச் சார்ஜ் செய்ய வேண்டியிருந்தது. அதன் முதுகில் இரண்டு திருகாணிகள் இருந்தன. பழைய மணியின் கம்பிகளை அவற்றில் இணைத்தால் மின்கலம் தானே நிரம்பும் என்று உடன் வந்த தாளில் அச்சிட்டிருந்தது.

எங்கள் வீட்டுப் பழைய காலிங் பெல் சுவிட்சிலும் இரண்டு கம்பிகள்தாமே இருக்கின்றன! அவற்றைப் பிரித்து இதில் மாட்டினால் வேலை முடிந்தது என்று எண்ணினேன். கல்லூரி திறந்ததும் ஆய்வுக்கூடத்தில் என் திட்டத்தைப் பெருமையோடு எங்கள் விரிவுரையாளரிடம் கூறினேன். அவர் திடுக்கிட்டார். அந்தத் தாளில் எத்தனை வோல்ட் என்று போட்டிருக்கிறது என வினவினார். 8 முதல் 24 வோல்ட் வரை என்றேன். நம் ஊர் வீடுகளில் பெரும்பாலும் 230 வோல்ட் மின்சாரமே நேராகக் காலிங் பெல்லுக்குச் செல்கிறது என்றும், அமெரிக்க வீடுகளில் ஒரு சிறு மின்மாற்றி அதனை 16 அல்லது 24 வோல்ட்டாகக் குறைத்துத் தருகிறது என்றும் விளக்கினார். நான் நினைத்தபடி செய்திருந்தால் கருவி கருகியிருக்கும். ஈரக்கையோடு மணியைத் தொடும் அம்மாவின் உயிருக்கே ஆபத்து நேர்ந்திருக்கலாம். பிறகு அவர் என்னை நூலகத்துக்கு அனுப்பி, ஜோசப் ஹென்றியின் வாழ்க்கையைப் படித்து வரச் சொன்னார். அவ்வாறு படித்ததன் பயனே இக்கட்டுரை.

வறுமையில் பிறந்த மேதை

ஜோசப் ஹென்றி 1797 ஆம் ஆண்டு டிசம்பர் 17 ஆம் நாள் அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து ஆல்பனி நகரில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்து வழிவந்த ஏழைகள். தந்தையோ கூலி வேலை செய்தவர். மகன் சிறுவனாக இருந்தபோதே மறைந்தார். கால்வே என்னும் சிற்றூரில் பாட்டியின் வீட்டில் வளர்ந்த ஹென்றி, ஒரு கடையில் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டே பள்ளிக்குச் சென்றார். பின்னர் ஆல்பனியில் கடிகாரமும் வெள்ளி நகையும் செய்யும் ஒருவரிடம் தொழில் பழகினார். அக்காலத்தில் அவர் மனத்தை ஈர்த்ததோ நாடக மேடை!

பதினாறாம் வயதில் உடல்நலம் குன்றிப் படுத்திருந்தபோது, வீட்டில் தங்கியிருந்த ஒருவர் வைத்திருந்த அறிவியல் நூல் அவர் கைக்குக் கிடைத்தது. அன்றாடக் காட்சிகளுக்குக் காரணம் கேட்கும் அந்நூல் அவர் வாழ்வின் திசையையே மாற்றியது. 1819 இல் ஆல்பனி அகாதெமி என்னும் கல்விக்கூடத்தில் கட்டணமின்றிச் சேர்ந்தார். வகுப்பில் உடன் இருந்தவர்கள் அவரைவிட வயதில் இளையவர்கள். அதற்காக அவர் நாணவில்லை. கிராமப் பள்ளியில் பாடம் சொல்லியும், தனி வகுப்பு எடுத்தும் வயிற்றைக் கழுவினார். தாம் பயின்ற அதே அகாதெமியில் 1826 இல் கணிதம், இயற்கை அறிவியல் ஆகியவற்றின் பேராசிரியராக அமர்ந்தார் என்றால் அவருடைய உழைப்பை என்னென்பது!

மணி ஒலித்தது

நாள்தோறும் ஏறத்தாழ ஏழு மணி நேரம் வகுப்பு. ஆராய்ச்சிக்குக் கிடைத்ததோ ஆகஸ்ட் மாத விடுமுறை மட்டுமே. இங்கிலாந்தில் ஸ்டர்ஜன் என்பவர் 1825 இல் இலாட வடிவ இரும்புக்கு வார்னிஷ் பூசி, அதன்மேல் வெறும் செம்புக் கம்பியை இடைவெளி விட்டுச் சுற்றி மின்காந்தம் செய்திருந்தார். ஹென்றி இரும்பை விட்டுவிட்டுக் கம்பிக்கே பட்டு நூலால் உறையிட்டார். இனிச் சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டாலும் கவலையில்லை அன்றோ! நெருக்கமாகவும் அடுக்கடுக்காகவும் சுற்றினார். காந்தத்தின் ஆற்றல் பன்மடங்கு பெருகியது. 1831 இல் யேல் கல்லூரிக்காக அவர் செய்த மின்காந்தம் 2000 பவுண்டுக்கு மேற்பட்ட எடையைத் தாங்கியது.

ஆயினும் அவரது பெருமை எடையைத் தூக்கியதில் மட்டும் இல்லை. கம்பி நீள நீள மின்சாரத்தின் வலிமை குன்றுவதால், தொலைவுக்கு மின்சாரத்தால் செய்தி அனுப்புவது இயலாது என்று 1825 இல் பார்லோ என்னும் ஆங்கில அறிஞர் முடிவு கூறியிருந்தார். ஹென்றி அந்த முடிவை அப்படியே ஏற்கவில்லை, சோதித்துப் பார்த்தார். இருவகை மின்காந்தங்களை அவர் வேறுபடுத்திக் கண்டார். பல குட்டைக் கம்பிகளைத் தனித்தனியே சுற்றியது ஒரு வகை; அதற்கு ஒற்றைப் பெரிய மின்கலம் போதும், எடை தூக்கும், ஆனால் தொலைவுக்கு உதவாது. ஒரே நீண்ட கம்பியைப் பல சுற்றாகச் சுற்றியது மற்றொரு வகை. அதற்குச் சிறு மின்கலங்கள் பலவற்றை வரிசையாகத் தொடுக்க வேண்டும், தொலைவிலிருந்தும் அது கட்டளையைக் கேட்கும். இன்றைய மொழியில் சொன்னால் மின்னழுத்தம், மின்தடை ஆகியவற்றின் பொருத்தம் இது. ஓமின் விதி 1827 இல் ஜெர்மனியில் வெளிவந்திருந்தும் அப்போது ஹென்றிக்கு எட்டவில்லை. தம் கைச் சோதனையாலேயே இவ்வுண்மையைக் கண்டார்.

1831 இல் அகாதெமியின் பெரிய அறையைச் சுற்றிச் சுற்றி ஒரு மைலுக்கு மேல் கம்பி கட்டினார். ஒரு முனையில் மின்கல வரிசை. மறு முனையில் மின்காந்தமும், அதன் துருவங்களுக்கு இடையே திரும்பும் எஃகுக் காந்தச் சட்டமும், பக்கத்தில் ஒரு மணியும். மின்சுற்றை மூடியதும் சட்டம் அசைந்தது, மணி ஒலித்தது! இன்று உலகெங்கும் வாசல்களில் ஒலிக்கும் மின்மணிகளுக்கெல்லாம் அம்மணியே மூதாதை எனலாம்.

வீட்டுக்கு ஒரு கம்பி

நீண்ட கம்பியின் மின்சுற்றைத் துண்டிக்கும்போது பொறி பறப்பதைக் கண்டு, தன்தூண்டல் என்னும் நிகழ்வை 1832 இல் வெளியிட்டார். மின்காந்தத் தூண்டலையும் அவர் தாமாகவே கண்டறிந்தார். ஆயினும் இங்கிலாந்தில் ஃபாரடே முந்திக்கொண்டு வெளியிட்டதால் அப்புகழ் ஃபாரடேக்கே சென்றது. வகுப்புச் சுமையால் எழுதத் தாமதித்ததன் விலை அது. இருந்தும் 1837 இல் ஐரோப்பா சென்றபோது ஃபாரடேயைச் சந்தித்து அவரோடு நட்புப் பூண்டார் என்பது குறிப்பிடத்தக்கது.

1832 இல் பிரின்ஸ்டன் கல்லூரிக்குப் பேராசிரியராகச் சென்றார். அங்கே தம் ஆய்வுக்கூடத்திலிருந்து வீட்டுக்கு ஒரு கம்பி இழுத்து, திரும்பும் வழியாக நிலத்தையே பயன்படுத்தி, மனைவி ஹாரியட்டுக்குக் குறிப்பொலி அனுப்பினார். தொலைவிலிருந்து வரும் மெல்லிய மின்னோட்டம் ஒரு சிறு காந்தத்தை அசைக்க, அது வேறொரு வலிய மின்சுற்றைத் திறந்து மூடும் அமைப்பையும் மாணவர்களுக்குச் செய்து காட்டினார். அதுவே ரிலே. 1844 இல் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே மோர்ஸ் தந்தி ஓடியபோது, அதன் அடியில் இருந்தவை ஹென்றியின் கண்டுபிடிப்புகளே. அவற்றுக்கு அவர் காப்புரிமை கேட்கவில்லை. அறிவியல் அனைவருக்கும் பொது என்பதே அவர் கொள்கை. பிற்காலத்தில் மோர்ஸின் காப்புரிமை வழக்கில் சாட்சி சொல்ல நேர்ந்து, அதனால் மனக்கசப்புக்கு ஆளானார்.

1846 இல் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் முதற்செயலாளராகி, இறக்கும்வரை அப்பொறுப்பில் இருந்தார். நாடெங்கும் தன்னார்வலர்களைக் கொண்டு வானிலைக் குறிப்புகளைத் திரட்டினார். 1865 ஜனவரியில் நிறுவனக் கட்டடத்தில் மூண்ட தீ அவருடைய கடிதங்களிலும் குறிப்புகளிலும் பெரும் பகுதியைச் சாம்பலாக்கியது. அப்போதும் அவர் தளர்ந்துவிடவில்லை. 1875 இல் கிரகாம் பெல் என்னும் இளைஞர் தமக்கு மின்னியல் அறிவு போதாது என்று தயங்கி நின்றபோது, அவ்வறிவைத் தேடிப் பெறுமாறு ஊக்கியவரும் இவரே. 1878 மே 13 இல் ஹென்றி மறைந்தார். 1893 இல் சிகாகோவில் கூடிய மின்னியல் மாநாடு மின்தூண்டலின் அலகுக்கு அவர் பெயரையே சூட்டியது. நாம் ஆய்வுக்கூடத்தில் எழுதும் ஹென்றி என்ற சொல்லுக்குப் பின்னே இத்துணை வாழ்வு இருக்கிறது!

எங்கள் வாசலில்

படித்து முடித்து விரிவுரையாளரிடம் சென்றேன். என் பிழை எது என்று அவர் இனிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூலமும் கம்பியும் கருவியும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். கம்பி இரண்டு இருப்பது மட்டும் பொருத்தம் ஆகாது.

பின்னர் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்தார். மெயின் சுவிட்சை அணைத்து, டெஸ்டரால் சோதித்து, 230 வோல்ட் மணியைக் கழற்றினார். மின்மாற்றி ஒன்றையும், தாழ்ந்த மின்னழுத்தத்தில் இயங்கும் மணி ஒன்றையும் பொருத்தினார். வாசலுக்குச் செல்லும் பழைய கம்பிகளை மெயினிலிருந்து அறவே பிரித்த பிறகே புதுக்கருவியின் திருகாணிகளில் மாட்டினார். இப்போது கருவிக்கு வருவது சிறு மின்னோட்டம். குறையும் மின்கலத்தை மெல்ல மெல்ல நிரப்புவதே அதன் வேலை. அது மணியின் காந்தச்சுருள் வழியாகவே வந்தாலும், சுருளுக்குள் உள்ள இரும்பை அசைக்க அதற்கு வலிமை போதாது. பொத்தானை அழுத்தும்போதுதான் முழு மின்னோட்டம் பாய்ந்து மணி ஒலிக்கிறது. ஆல்பனியில் ஹென்றி கண்ட பாடம் எங்கள் வீட்டுச் சுவரில் நாள்தோறும் நடக்கிறது!

தோழர்களே, நாம் பாடநூலில் படிக்கும் விதிகள் தேர்வுத்தாளுக்கு மட்டும் உரியவை அல்ல. ஒரு கருவியைத் தொடுமுன் அதன்மேல் எழுதிய எண்ணைப் படிப்போம். தெரியாததைக் கேட்கத் தயங்காதிருப்போம். கேட்டதனால் அன்றோ என் அம்மா இன்று அச்சமின்றி அந்த மணியைத் தொடுகிறார்!

வாழ்க ஹென்றியின் புகழ்!