மொழி காத்த பயணி

தென்னாப்பிரிக்காவின் நடுப்பகுதியில் கிம்பர்லி என்னும் நகரம் உள்ளது. வைரச் சுரங்கங்களால் பெயர்பெற்ற அந்நகரில் 2014ஆம் ஆண்டு ஒரு பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. கல்லூரி வாயிலை ஒருநாளும் மாணவராக மிதித்திராத ஒருவரின் பெயரை அது தாங்கி நிற்கிறது. அவர்தாம் சால் பிளாட்ஜே.

பிளாட்ஜே 1876ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள் பிறந்தார். பரோலோங் என்னும் ஆப்பிரிக்க இனக்குழுவைச் சேர்ந்தவர். தாய்மொழி செட்ஸ்வானா. ஜெர்மானியப் பாதிரிமார் நடத்திய பினியல் என்னும் ஊரில் வளர்ந்தார். தாயும் உறவுப் பெண்களும் முன்னோர் கதைகளைச் செட்ஸ்வானாவில் சொன்னார்கள்; பாதிரியாரின் மனைவி ஆங்கிலமும் இசையும் கற்பித்தார்; சுற்றுப்புறத்தில் டச்சு மொழியும் கோசா மொழியும் ஒலித்தன. வீட்டில் ஒரு மொழி, வகுப்பில் ஒரு மொழி, விளையாட்டுத் திடலில் வேறொரு மொழி என்று வளரும் உங்களுக்கு இது புதுமையன்று. அவருக்கோ அதுவே பிழைப்பும் ஆயிற்று.

1894ஆம் ஆண்டு கிம்பர்லி அஞ்சல் நிலையத்தில் தந்தி கொண்டு கொடுக்கும் பணியில் சேர்ந்தார். நான்காண்டுகளுக்குப் பின் மாஃபெகிங் நகரின் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளரானார். குற்றம் சாட்டப்பட்டவர் பேசுவது ஒரு மொழி, நீதிபதி அறிந்தது மற்றொரு மொழி. இடையில் நிற்பவர் ஒரு சொல்லைத் தவறவிட்டால் குற்றமற்றவர் சிறை செல்ல நேரிடும். அப்பொறுப்பை ஏற்றபோது அவருக்கு வயது 22. அடுத்த ஆண்டே போர் மூண்டது. போயர் படையினர் அந்நகரை 217 நாள்கள் முற்றுகையிட்டனர். உணவு குறைந்தபோது ஆப்பிரிக்கர்களே மிகுதியாகப் பட்டினி கிடந்தார்கள். பிளாட்ஜே அந்நாள்களைக் குறித்து நாட்குறிப்பு எழுதி வைத்தார்.

பின்னர் இதழாசிரியர் ஆனார். 1912ஆம் ஆண்டு ஆப்பிரிக்கர்கள் தமக்கென ஒரு தேசிய அமைப்பைத் தொடங்கியபோது அதன் முதற் பொதுச்செயலாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மறுஆண்டு அரசு நிலச்சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. (தில்லையாடி வள்ளியம்மை அதே நாட்டில் அறப்போரில் இறங்கியதும் அந்த 1913ஆம் ஆண்டில்தான்.) நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ 7 விழுக்காட்டுக்கு வெளியே ஆப்பிரிக்கர் நிலம் வாங்கவோ குத்தகைக்கு எடுக்கவோ கூடாது என்றது அச்சட்டம். தலைமுறை தலைமுறையாக உழுதவர்கள் கால்நடைகளோடு சாலைக்கு வந்தார்கள்.

பிளாட்ஜே மிதிவண்டியில் ஏறிப் புறப்பட்டார். அது கடுங்குளிர்க் காலம். வழியில் கண்ட குடும்பங்களிடம் விசாரித்து எழுதிக்கொண்டே சென்றார். ஒரு குடும்பத்தின் கைக்குழந்தை பயணத்தில் இறந்துவிட்டது. புதைப்பதற்குச் சொந்தமாக ஒரு சாண் நிலமில்லை. நிலக்காரர் கண்ணில் படாமல், இரவில், பிறர் நிலத்தில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு அவர்கள் மேலே நடந்தார்கள். இச்செய்தியைப் பிளாட்ஜே எழுதியிராவிட்டால் உலகம் அறிந்திராது.

1914ஆம் ஆண்டு ஐவர் குழுவில் ஒருவராக இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். பிரிட்டிஷ் அரசு தலையிட மறுத்தது. மற்ற நால்வரும் நாடு திரும்பினர். பிளாட்ஜே மட்டும் 1917 வரை லண்டனில் தங்கி ஊர் ஊராகச் சென்று பேசினார். நிலச்சட்டத்தின் கொடுமையை விளக்கும் அவரது ஆங்கில நூல் 1916ஆம் ஆண்டு வெளிவந்தது. அதே ஆண்டில் வேறொரு நூலும் வெளிவந்தது. அவர் நூல்களுள் நாம் முதலில் வைத்து எண்ண வேண்டியது அதுவே என்பேன். அது 732 செட்ஸ்வானாப் பழமொழிகளின் தொகுப்பு. ஒவ்வொன்றுக்கும் நேர்ப்பொருளும், இயன்ற இடங்களில் அதற்கு ஒத்த ஐரோப்பியப் பழமொழியும் கொடுத்திருந்தார். ஊரில் கிழவர்கள் மரத்தடியில் சொல்லும் மொழிகளை, கடல்கடந்த குளிர்நாட்டு அறை ஒன்றில் அமர்ந்து எழுதினார். அம்மொழியைத் தாழ்வாக எண்ணியவர்களுக்கு வேறென்ன சான்று வேண்டும்?

டேனியல் ஜோன்ஸ் என்னும் ஒலியியல் அறிஞரோடு சேர்ந்து செட்ஸ்வானா வாசகம் ஒன்றையும் அவ்வாண்டே வெளியிட்டார். செட்ஸ்வானாவில் குரல் ஏறுவதும் இறங்குவதும் பொருளை மாற்றும். ரோமன் எழுத்தில் அது புலப்படாது. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யும்போது ல, ள, ழ மூன்றும் என்ன பாடுபடுகின்றன என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்த இடர்ப்பாடே இது.

1919இல் மீண்டும் இங்கிலாந்து சென்றார். பிரதமர் லாய்டு ஜார்ஜைச் சந்தித்தும் சட்டம் மாறவில்லை. கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்று அங்கிருந்த கறுப்பினத் தலைவர்களோடு பழகினார். அவர் வெளிநாட்டில் இருந்தபோது, 1921இல், மகள் ஆலிவ் இறந்தாள். தந்தையால் இறுதியாக முகம் பார்க்கவும் இயலவில்லை. 1923இல் லண்டனில் அவர் பாடிய பாடல்கள் இசைத்தட்டுகளாகப் பதிவாயின. அவற்றுள் ஒன்று பின்னாளில் தென்னாப்பிரிக்க நாட்டுப்பண்ணின் பகுதியாயிற்று.

நாடு திரும்பிய பிளாட்ஜே கடன்சுமையோடு வாழ்ந்தார். 1920 அளவில் எழுதி முடித்த மூடி என்னும் புதினம் பத்தாண்டுகள் காத்திருந்து 1930இல் அச்சேறியது. பரோலோங் பெண்ணொருத்தியின் துணிவைச் சொல்லும் அந்நூல், தென்னாப்பிரிக்கக் கறுப்பினத்தவர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய முதல் புதினமாகும். அதே ஆண்டில், ஷேக்ஸ்பியரின் நாடகம் ஒன்றைச் செட்ஸ்வானாவில் பெயர்த்து வெளியிட்டார். செட்ஸ்வானாவின் எழுத்துமுறையை அம்மொழி பேசாதவர்கள் தீர்மானிக்க முயன்றபோது இறுதிவரை எதிர்த்தார்.

1932ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் நுரையீரல் அழற்சியால் ஜோகன்னஸ்பர்க்கில் காலமானார். உடல் கிம்பர்லியில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் மொழிபெயர்த்த ஜூலியஸ் சீசர் நாடகம் 1937இல் வெளிவந்தது. வேறு சில கையெழுத்துப் படிகள் காணாமற் போயின. முற்றுகைக் காலத்தில் 23 வயது இளைஞர் எழுதிய நாட்குறிப்போ 1973ஆம் ஆண்டில்தான் நூலாகியது.

பயிற்சி

1. பிளாட்ஜே மிதிவண்டிப் பயணத்தில் கண்டவற்றை ஐந்து தொடர்களில் எழுதுக.
2. உங்கள் வீட்டுப் பெரியோரிடம் ஐந்து தமிழ்ப் பழமொழிகளைக் கேட்டு எழுதுக. நீங்கள் வாழும் மாநிலத்தின் மொழியில் அவற்றுக்கு ஒத்த பழமொழிகளை நண்பரிடம் கேட்டு, எதிரே தமிழ் எழுத்தில் எழுதுக.