ஆழ்வான் கேட்ட வரம்

ஏலமலைச் சாரலின் அடியில் அமைந்த போடிநாயக்கனூரில், மாலைத் தீபாராதனை கண்டு தீர்த்தம் பெற்றபின், பெருமாள் ஸந்நிதி மண்டபத்தில் முதியோர் சிலர் வீடு திரும்ப மனமின்றி அமர்ந்திருப்பதை ஊரார் அறிவர். நாற்பது ஐம்பது ஆண்டுகளாகப் பழகியவர்கள் அவர்கள். ஒருவர் ஏலத்தோட்டத்தில் கணக்கு எழுதியவர். ஒருவர் போடிமெட்டு வழியே மூட்டைகளை இறக்கியவர். மற்றொருவர் காய் எடுப்புக்கு ஆள் சேர்த்து அழைத்துச் சென்றவர். இன்று கால்கள் மலையேற மறுக்கின்றன. பேச்சு எங்குத் தொடங்கினும் ஓரிடத்தில் வந்து நிற்கிறது. நம்மில் முன்னே போவது யார், பின்னே தனித்து நிற்பது யார், இதுகாறும் வாழ்ந்ததன் பயன்தான் யாது என்பதே அது.

இக்கேள்வி புதியதன்று. ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன் திருவரங்கத்தில், இரண்டு முதியோர் இதனையே ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டனர். ஒருவர் உலகம் உய்ய அவதரித்த உடையவர் ஸ்ரீ ராமாநுஜர், மற்றவர் கூரத்தாழ்வான். முறையால் ஆசார்யரும் சிஷ்யருமே எனினும், உணர்வால் இணைபிரியாத் தோழர் அவர்கள். குருபரம்பரை நூல்கள் உரைக்கும் ஆழ்வான் வைபவத்தைச் சிறிது அநுபவிப்போம்.

காஞ்சிமாநகரை அடுத்த கூரம் என்னும் கிராமத்தில், 1010-ஆம் ஆண்டு, தை மாதம் ஹஸ்த நக்ஷத்திரத்தில் ஆழ்வான் திருவவதாரம் செய்தார். ஸ்ரீவத்ஸாங்கர் என்பது அவர்தம் திருநாமம். உடையவர் ஸ்ரீபெரும்பூதூரில் அவதரித்தது 1017-ஆம் ஆண்டு சித்திரைத் திருவாதிரையில். ஆகவே சிஷ்யரே ஆசார்யரைவிட ஏழு பிராயம் மூத்தவர். இதனை வாசகர்கள் நினைவில் கொள்ளல் வேண்டும். கதையின் முடிவில் இது பொருள் பெறும்.

ஆழ்வான் பெருஞ்செல்வர். அன்றாடம் அன்னமிட்டபின் இரவில் சாத்தப்பெறும் அவர் மாளிகைக் கதவின் ஓசை காஞ்சி வரையில் கேட்டதென்பர். உடையவர் காஞ்சியில் துறவறம் பூண்டபொழுது முதலியாண்டானும் ஆழ்வானும் முதற்கண் வந்து திருவடி பணிந்தனர். முதலியாண்டானைத் தம் திரிதண்டமாகவும், ஆழ்வானைத் தம் பவித்திரமாகவும் உடையவர் கொண்டாடினார். பின்னர் அவர் திருவரங்கம் எழுந்தருளியதும், ஆழ்வான் தம் செல்வம் அனைத்தையும் வாரி வழங்கிவிட்டு, தேவியார் ஆண்டாளுடன் கால்நடையாய்ப் புறப்பட்டார். வழியில் காடு ஒன்று குறுக்கிட்டது. ஆண்டாளின் நெஞ்சில் அச்சம் எழுந்ததைக் கண்டு, மடியில் ஏதேனும் உண்டோ என்று ஆழ்வான் வினவினார். கணவர் அமுது செய்வதற்கென்று ஒரு பொன்வட்டிலை மட்டும் எடுத்துவந்ததாக அம்மையார் விண்ணப்பித்தார். அதனையும் வாங்கி எறிந்துவிட்டு, இனி அச்சமில்லை என்று ஆழ்வான் நடந்தார். திருவரங்கத்தில் அவர் உஞ்சவிருத்தி செய்து வாழ்ந்தார்.

போதாயன விருத்தி என்னும் நூலைக் காணும்பொருட்டு உடையவர் காச்மீரம் சென்றபொழுது உடன் சென்றவர் ஆழ்வான். கிடைத்த சுவடி வழியில் திரும்பப் பறிக்கப்பட்டது. உடையவர் திருவுள்ளம் கலங்கினார். பகல் முழுதும் நடந்த களைப்பில் மற்றையோர் உறங்கிய இரவுகளில் தாம் அச்சுவடியைப் படித்து முழுதும் நெஞ்சிலே பதித்துவிட்டதாக ஆழ்வான் பணிவுடன் அறிவித்தார். அந்த நினைவாற்றலே ஸ்ரீபாஷ்யத்துக்குத் துணையாயிற்று.

ஸ்ரீபாஷ்யத்தை உடையவர் அருளிச்செய்ய, ஆழ்வான் ஏட்டிலே எழுதினார். தமக்கு உடன்பாடில்லாத பொருள் வருமாயின் எழுதாமல் நிறுத்திவிட வேண்டும் என்பது முன்னமே செய்துகொண்ட ஏற்பாடு. ஒரு நாள், ஜீவாத்மாவின் ஸ்வரூபம் அறிவுடைமை என்று மட்டும் உடையவர் அருளிச்செய்தார். ஆழ்வானின் எழுத்தாணி நின்றது. உடையவர் சினந்தார், ஆயினும் எழுத்தாணி அசையவில்லை. பின்னர் உடையவர் தனித்திருந்து ஆராய்ந்து, எம்பெருமானுக்கு அடிமைப்பட்டிருத்தலே ஆத்மாவுக்கு முதன்மையான லக்ஷணம் என்று தெளிந்து, அதன்பின்னரே மேலே தொடர்ந்தார். தோழமை என்பது தலையசைத்தல் அன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? வாழ்வின் பயன் யாது என்னும் கேள்விக்கு அன்றே விடையும் பிறந்தது. அறிவு முதுமையில் மங்கலாம், உடல் தளரலாம். ஒருவனுக்கு உரியவனாய் இருத்தல் என்னும் தன்மையோ மூப்பினால் குறைவதன்று.

ஆண்டுகள் சென்றன. இருவரும் முதுமை எய்தியபின் பெருந்துன்பம் ஒன்று நேர்ந்தது. அந்நாளில் ஆண்ட சோழ மன்னன் ஒருவன் உடையவரைத் தன் ஸபைக்கு அழைத்துவர ஆள் விடுத்தான். அம்மன்னன் இன்னான் என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒருமித்திலர். ஆபத்தை உணர்ந்த ஆழ்வான் உடையவரின் காஷாயத்தைத் தாம் தரித்து, உடையவராகவே ஸபைக்குச் சென்றார். உடையவர் வெள்ளுடை பூண்டு மேல்நாடு நோக்கி எழுந்தருளினார். ஆசார்யரான பெரிய நம்பியும் தள்ளாத பிராயத்தில் ஆழ்வானுடன் சென்றார். ஸபையிலே மன்னன் கேட்ட கையெழுத்தை இட மறுத்தமையால் இருவரும் கண்களை இழந்தனர்.

திரும்பும் வழியில் பெரிய நம்பியால் நடக்க இயலவில்லை. அப்பொழுது அவருக்குத் திருநக்ஷத்திரம் 105 என்பர். எப்படியேனும் திருவரங்கம் சேர்ந்துவிடலாம் என்று உடனிருந்தோர் வேண்டினர். நம்பி இசையவில்லை. தாம் திருவரங்கம் சென்று உயிர்விட்டால், பெரிய நம்பியே கடைசியில் திவ்யதேசத்தை நாடினாரென்று பின்னுள்ளோர் நினைப்பர். அடியவனுக்கு இறுதி நேரும் இடம் பற்றிக் கவலை வேண்டா என்று அறிவித்து, ஆழ்வானின் மடியில் தலைசாய்த்து, வழியிலேயே திருநாட்டுக்கு எழுந்தருளினார். மலைச்சாரலில், ஏலத்தோட்டத்துக் குடிசையில், கோயில் மணியோசை எட்டாத இடத்தில் உயிர் நீத்தவர்களை எண்ணி இன்றும் வருந்துவோர் உளர். அவர்கட்கெல்லாம் ஆறுதலாக அன்று நம்பி அளித்த உபதேசம் இது.

ஆழ்வான் திருவரங்கம் மீண்டபொழுது, உடையவரின் தொடர்புடையார் எவரையும் கோயிலுள் விடலாகாதென்ற கட்டளை நிலவியது. வாயில் காப்போருள் ஒருவன் தடுத்தான். மற்றொருவனோ, ஆழ்வான் மிக நல்லவர், அவரை விடலாம் என்றான். அது கேட்டு ஆழ்வான் திடுக்குற்றார். நற்குணம் ஆசார்ய ஸம்பந்தத்தை வளர்ப்பதன்றோ? அந்த ஸம்பந்தத்தை விலக்கித் தம் குணம் ஒன்றையே கருதி உள்ளே விடுவதாயின், அத்தகைய ஸேவை தமக்கு வேண்டா என்று படியிலிருந்தே திரும்பினார். பெருமாளைக் காட்டிக்கொடுத்தவரை விட்டுப் பெருமாளை மட்டும் பெற அவர் விரும்பவில்லை.

அங்ஙனம் திரும்பியவர் குடும்பத்துடன் வந்து தங்கிய இடம் நம் பாண்டிநாட்டுத் திருமாலிருஞ்சோலை. போடியிலிருந்து தேனி, உசிலம்பட்டி வழியே மதுரையை அடைந்து, அங்கிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சென்றால் அழகர்மலை. மலையோரத்தில் வாழும் நம்மவர்க்கு அக்காட்சியை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மழைக்குப்பின் காட்டிலிருந்து இறங்கும் குளிர்காற்றும், சிலம்பாற்றின் ஓசையும், பூத்த மரங்களின் மணமும் கண்ணில்லாதவர்க்கும் மலையைக் காட்டவல்லன. ஆழ்வான் அங்கிருந்து அழகரின் திருமேனி அழகையும் சோலைமலையின் சிறப்பையும் ஸுந்தரபாஹுஸ்தவம் என்னும் ஸ்தோத்திரமாக அருளினார். கண்ணை இழந்த முதியவர் அழகைப் பாடினார். தம் இழப்பைப் பற்றி அவர் புலம்பியதாக எந்நூலும் கூறவில்லை. திருநாராயணபுரத்திலிருந்து உடையவர் அனுப்பிய ஆள் வந்தபொழுதும், முதலில் கேட்டது உடையவரின் நலத்தையே.

மன்னன் மறைந்தபின் உடையவர் திருவரங்கம் மீண்டார், ஆழ்வானும் மீண்டார். பல்லாண்டுப் பிரிவுக்குப்பின் இரு முதியோரும் சந்தித்தனர். தம்பொருட்டுக் கண்ணிழந்தவரை உடையவர் தழுவிக் கண்ணீர் பெருக்கினார். வரம் தருபவனான காஞ்சி வரதனிடம் கண்களை வேண்டிப் பெறும்படி நியமித்தார். ஆழ்வான் வரதராஜஸ்தவம் அருளிச்செய்தார். வேண்டுவது யாதெனப் பெருமாள் திருவுள்ளமானபொழுது, தம் கண் போவதற்குக் காரணமாயிருந்த நாலூரானுக்கும் தாம் பெறும் பேறு கிட்டவேண்டும் என்று கேட்டுவிட்டார்! ஆழ்வானும் அவர் கண்களும் தம் உடைமையாயிருக்க, தம் விருப்பத்தை மறந்து வேறு கேட்டதற்காக உடையவர் உரிமையுடன் கடிந்துகொண்டார். பின்னர், பெருமாளையும் உடையவரையும் காணுமளவுக்கு அகக்கண் அருளப்பெற்றார் என்பர்.

இனி இறுதிக் கட்டம். ஒரு நாள் ஆழ்வான் தனியே நம்பெருமாள் திருமுன்பு சென்று ஸ்தோத்திரம் செய்து நின்றார். வேண்டிய வரம் கேட்கப் பெருமாள் அருளினார். இவ்வுடலிலிருந்து விடை தந்து திருநாட்டில் சேர்த்தருள வேண்டும் என்று ஆழ்வான் விண்ணப்பித்தார். வேறு கேட்கும்படி பெருமாள் நியமித்தும் அவர் மாற்றவில்லை. ஆழ்வானுக்கும் அவர் ஸம்பந்தம் உடையார் அனைவருக்கும் பேறு தந்தோம் என்று பெருமாள் அருளினார்.

செய்தி மடத்தை எட்டியது. ஆழ்வான் ஸம்பந்தத்தால் தமக்கும் பேறு உறுதியென்று உடையவர் காஷாயத்தை மேலே வீசி மகிழ்ந்தார். மகிழ்ந்த அந்நாளிலேயே, ஆழ்வான் இல்லாத திருவரங்கம் எப்படியிருக்கும் என்ற நினைவு வந்து நெஞ்சை அழுத்தியது. ஆழ்வானின் திருமாளிகைக்கு விரைந்தார். தம்மிடம் ஒரு வார்த்தையும் கேளாமல், தம்மைத் தனியே விட்டு முன்னே செல்லத் துணிந்தது ஏன் என்று வினவினார்.

ஆழ்வான் மிக எளிய விடை ஒன்று கூறினார். திருநாட்டுக்குப் புதியராய் வருவோரை அங்கு முன்னமே இருப்போர் எதிர்கொண்டு அழைப்பது மரபு. உடையவர் முன்னே சென்று தாம் பின்னே சென்றால், ஆசார்யர் வந்து சிஷ்யனை எதிர்கொள்ள நேரும், முறை பிறழும். ஆகவே உடையவர் எழுந்தருளும் நாளில் வாசலில் நின்று எதிர்கொள்வதற்காகவே தாம் முந்திச் செல்ல விரும்பியதாகத் தெரிவித்தார். அத்திருநாட்டில் எல்லாரும் ஒத்தவரே, அங்கு இம்முறையெல்லாம் ஏது என்று உடையவர் மறுத்துப் பார்த்தார். எங்குச் சென்றாலும் இந்த முறை மாறலாகாது என்பதே தம் ஆசை என்று ஆழ்வான் உறுதியாய் நின்றார். அதற்குமேல் உடையவரால் தடுக்க இயலவில்லை. ஆரத் தழுவி, திருச்செவியில் த்வயத்தை ஓதி, திருவடித் தீர்த்தம் அளித்து, கண்ணீருடன் விடை கொடுத்தார். பெரிய ஞானியராயினும் பிரிவுக்கு அழுதனர். அழுததனால் ஞானம் குறைந்துவிடவில்லை.

ஆழ்வான் திருநாட்டுக்கு எழுந்தருளியபின் கதறிய பராசர பட்டரை உடையவர் தேற்றி, ஆகவேண்டிய கடன்களைச் செய்வித்தார். தோழரின் மைந்தரைத் தம் மைந்தராகவே பேணி, தமக்குப்பின் தர்சனத்தை நிர்வகிக்கும்படி ஆளாக்கினார். பின்னே நின்றவருக்கு எஞ்சிய நாட்கள் வீணாகவில்லை. அவையும் கைங்கர்யமே ஆயின. 1137-ஆம் ஆண்டு, 120-ஆம் பிராயத்தில், எம்பார் மடியில் திருமுடியும் வடுகநம்பி மடியில் திருவடியுமாகச் சயனித்து உடையவரும் திருநாடு எழுந்தருளினார். அன்று திருவாசலில் முதலில் நின்று எதிர்கொண்டவர் யார் என்பதை ஆஸ்திகர்க்குச் சொல்லவும் வேண்டுமோ?

ஏலச்செடியின் ஒரு சரத்தில் உள்ள காய்கள் எல்லாம் ஒரே நாளில் முற்றுவதில்லை. முற்றியதை மட்டும் பறித்து, மற்றவற்றை அடுத்த எடுப்புக்கு விடுவது மலைத்தோட்டத்து வழக்கம். முன்னே பறிக்கப்பெற்றதற்கு இழுக்கில்லை; பின்னே நிற்பதற்கும் குறைவில்லை; எல்லாம் சென்று சேரும் களம் ஒன்றே. பெருமாள் ஸந்நிதி மண்டபத்தில் அமரும் முதியோர், தம்முடன் அமர்ந்திருந்து இன்று இல்லாத ஒருவரின் இடத்தைக் காணும்பொழுது, அவர் நம்மை விட்டுப் போனார் என்று எண்ணவேண்டா. எதிர்கொள்ளும் பொருட்டு முந்திச் சென்றார் என்று எண்ணுவாராக. இருக்கும் நாளில் அவர் விட்டுச்சென்ற குழந்தைகளுக்கும் கோயிலுக்கும் ஆனதைச் செய்வாராக. தைத் திங்கள் ஹஸ்தத்தன்று ஒரு திருவிளக்கேற்றி ஆழ்வானை நினைத்தால், இக்கலக்கம் தீர எம்பெருமான் அருள்புரிவானாக.