ஆலைக்காரன் மகன்

ஏட்டிலே வாழும் புலவனுக்கு ஏடே காவல். விரலிலே வாழும் கலைஞனுக்குக் காவல் யார்? அவன் கண்மூடும் நாளில் அவன் கலையும் மறைந்துவிடுவதே பெரும்பாலும் உலகியல்பு. அவ்வியல்புக்குத் தப்பிய ஒரு நாட்டுப்புற இசைவாணரின் வரலாறு நோர்வே நாட்டில் உண்டு.

நோர்வேயின் தென்பகுதியிலுள்ள தெலெமார்க் மலைநாட்டிலே, 1801 ஆம் ஆண்டில், மா அரைக்கும் ஆலைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் தோர்கையர் ஓகுன்சன். ஆலைக்காரன் மகன் என்னும் பொருள்பட ஊரார் வழங்கிய மில்லர்கூட்டன் என்ற பெயரே அவருக்கு நிலைத்தது.

அவருடைய கருவி ஹார்டாங்கர் பிடில். வில் படும் நான்கு நரம்புகளின் கீழே, வில் படாமலே உடன் அதிர்ந்து ஒலிக்கும் வேறு சில நரம்புகளும் அதற்கு உண்டு. ஆதலின் ஒருவர் வாசிக்கும்போதே பலர் கூடி வாசிப்பது போன்ற நாதம் எழும். கலியாண வீடுகளிலே ஆடுவோரின் காலடிக்கு இசைய வாசிப்பதே அக்காலப் பிடில்காரரின் தொழில். இசைக்குறிப்பு எழுதும் வழக்கம் அவர்களிடம் இல்லை; யாவும் கேள்வி ஞானமே. மில்லர்கூட்டனோ கேட்ட மெட்டைக் கேட்டபடி விடாமல், விரித்தும் புதுக்கியும் தமதாக்கிக்கொண்டார். அத்திறன் மனித முயற்சியால் வந்ததென ஊரார் நம்பவில்லை. பேய்க்கு ஆன்மாவை விற்றுப் பெற்ற வித்தை என்று கதை கட்டினர். பிடிலைச் சாத்தானின் கருவியென வெறுத்த சமயப் பற்றாளரும் அந்நாட்டில் இருந்தனர்.

ஐரோப்பா எங்கும் புகழ்பெற்ற வயலின் மேதை ஓலே புல், 1831 ஆம் ஆண்டளவில் இவரைச் சந்தித்து மெட்டுகள் கற்றார். பின்னர், 1849 ஜனவரி 15 ஆம் நாள், தலைநகராகிய கிறிஸ்தியானியாவின் மண்டபமொன்றில் இவரைத் தம்முடன் மேடையேற்றினார். இன்று ஒஸ்லோ என வழங்குவது அந்நகரே. கிராமத்துக் களியாட்டமென ஒதுக்கப்பட்டிருந்த இசையை நகரத்துக் கற்றோர் அன்று அமர்ந்து கேட்டனர். ஒரு தனிமனிதரின் வெற்றி மட்டுமன்று அது. குடியானவரின் கலையும் கலையே என்பதற்குக் கிடைத்த ஒப்புதலாகும்.

1872 நவம்பர் 21 ஆம் நாள், தெலெமார்க்கின் ரவுலாந்திலே அவர் காலமானார். எடிசனின் ஒலிப்பதிவுக் கருவி தோன்ற இன்னும் ஐந்தாண்டுகள் இருந்தன. அவர் வாசிப்பின் ஓசை காற்றோடு போயிற்று.

ஆயினும் அவரிடம் கற்ற குனூட் டாலே இருந்தார். தம்மோடு இம்மெட்டுகள் அழிந்துவிடுமோ என அஞ்சிய அவர், இசைமேதை எட்வர்ட் கிரீக்குக்குக் கடிதம் எழுதினார். கிரீக்கின் ஏற்பாட்டால், 1901 இல் வயலின் வித்துவான் யொஹான் ஹால்வோர்சன், டாலே வாசிக்க வாசிக்கப் பதினேழு மெட்டுகளைக் குறிப்பெடுத்தார். அவற்றைக் கிரீக் பியானோவுக்கு அமைக்க, 1903 இல் நூலாக வெளிவந்தன. அவற்றுள் ஒன்று மில்லர்கூட்டனின் மணமகள் ஊர்வல இசை. கைவிட்டுப் பிறனை மணக்கச் சென்ற காரி என்பவளுக்காக அவர் அதனை ஆக்கினார் என்பது வழிவழிச் செய்தி. நெஞ்சின் நோவே பிறர் மணவிழாவுக்கு இசையாயிற்று!

பியானோவிலே உடன் அதிரும் நரம்புகளின் ரீங்காரம் இல்லை. ஏடு காத்தது மெட்டின் உருவத்தையே. அதன் உயிரைக் காப்பவர்கள், இன்றும் அவர் பெயர்சொல்லி அம்மெட்டுகளை வாசித்துவரும் நோர்வேப் பிடில்காரர்களே. விரலிலே வாழும் கலைக்கு மாணாக்கனே முதற் காவல்.