நோயாளியை மாணவராக்கிய மருத்துவர்

அவலூர்பேட்டைச் சந்தைக்கு வரும் பெரியவர்களிடம் சிறிது நேரம் பேசிப் பாருங்கள். மழையைப் பற்றியும் மணிலா விலையைப் பற்றியும் பேசி முடித்தபின், பேச்சு எப்படியும் சர்க்கரை வியாதியில் வந்து நிற்கும். எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்த மாத்திரை உடலில் என்ன செய்கிறது, சோற்றின் அளவு எவ்வளவு இருக்கலாம், காலில் முள் தைத்தும் வலி தெரியாமற் போவது ஏன் என்று கேட்டால் பலர் விழிப்பர். அது அவர்கள் குற்றமன்று. எவரும் சொல்லித் தரவில்லை. மருந்தோடு பாடமும் சேர்த்துத் தரவேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் பாடுபட்ட மருத்துவர் ஒருவர் இருந்தார். அவர்தான் எலியட் பிராக்டர் ஜாஸ்லின்.

ஜாஸ்லின் 1869ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஆக்ஸ்போர்டு என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் காலணித் தொழிற்சாலை நடத்தியவர். யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற ஜாஸ்லின், 1895இல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் மருத்துவரானார். மாணவராக இருந்தபோதே, 1893இல், நீரிழிவு நோயுற்ற ஓர் இளம்பெண்ணின் நிலையைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். அன்று தொடங்கிய எழுத்துப்பணி பின்னர் நிற்கவேயில்லை. 1898இல் பாஸ்டன் நகரில் மருத்துவத் தொழிலைத் தொடங்கியபின் தம்மிடம் வந்த ஒவ்வொரு நீரிழிவு நோயாளியின் வரலாற்றையும் பேரேடுகளில் பதிந்தார்.

அந்தப் பேரேட்டின் தொடக்கப் பக்கங்களிலேயே அவரைப் பெற்ற தாயாரின் பெயரும் ஏறியது. அவருடைய அத்தை ஒருவர் முன்னரே இந்நோய்க்கு இரையாகியிருந்தார். இன்சுலின் இல்லாத காலம் அது. உணவைக் கட்டுப்படுத்துவது ஒன்றே வழி. தாயாரோ மகனின் சொற்படி உணவை அளந்து உண்டு, 1913 வரை வாழ்ந்தார். நோயைப் புரிந்துகொண்டு ஒழுகும் நோயாளி நெடுநாள் வாழ முடியும் என்ற பாடத்தை ஜாஸ்லின் தம் வீட்டிலேயே கற்றார் எனலாம்.

1916இல், ஆயிரம் நோயாளிகளின் குறிப்புகளை அடிப்படையாகக் கொண்டு, நீரிழிவு மருத்துவம் பற்றிய பெருநூலை வெளியிட்டார். அது மருத்துவர்களுக்கானது. அதனினும் புதுமையானது 1918இல் அவர் எழுதிய கையேடு. அது நோயாளிகளுக்காகவும் எழுதப்பட்டது. நோயின் தன்மையை நோயாளியிடம் விளக்கிச் சொல்லாத மருத்துவர்கள் நிறைந்திருந்த காலத்தில் இது துணிவான செயல். அவர் வாழ்நாளிலேயே அக்கையேடு பத்துப் பதிப்புகளைக் கண்டது.

1921இல் அவர் எழுதிய கட்டுரை ஒன்று இன்றும் நினைக்கத்தக்கது. ஒரு சிற்றூரின் தெருவில் அடுத்தடுத்து மூன்று வீடுகள். அவற்றில் அடுத்தடுத்துக் குடியிருந்த குடும்பத் தலைவர்களும் தலைவிகளுமாக ஏழு பேரில் ஆறு பேர் நீரிழிவால் மாண்டனர். ஒரு தொற்றுநோய் இப்படி வாரிக்கொண்டு போயிருந்தால் ஊரே பதறியிருக்கும். சுகாதாரத் துறையினர் ஓடி வந்திருப்பர். நீரிழிவு ஓசையின்றிக் கொன்றதால் எவரும் கேட்கவில்லை என்று அவர் வருந்தினார்.

அதே 1921இல் கனடாவின் டொரான்டோ நகரில் பான்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைக் கண்டறிந்தனர். 1922 ஆகஸ்டு 7ஆம் நாள் ஜாஸ்லின் தம் முதல் இன்சுலின் ஊசியை எலிசபெத் மட்ஜ் என்னும் செவிலியர்க்குச் செலுத்தினார். ஒன்பது மாதங்களில் ஒரே ஒரு முறைதான் வீட்டைவிட்டு வெளியே வந்திருந்த அந்த அம்மையார், ஆறு வாரங்களில் நாள்தோறும் நான்கு மைல் நடக்கும் வலிமை பெற்றார்.

மருந்து வந்துவிட்டது, இனிப் பாடம் எதற்கு என்று பலர் எண்ணினர். ஜாஸ்லின் அதற்கு நேர்மாறாக எண்ணினார். இன்சுலின் மிகுந்தாலோ, ஊசி போட்டபின் உணவு தவறினாலோ, இரத்தச் சர்க்கரை சட்டெனக் குறையும். வியர்வை, நடுக்கம், மயக்கம் எல்லாம் வரும். அவ்வேளையில் மருத்துவர் அருகில் இருக்கமாட்டார். உடனே சிறிது சர்க்கரையை வாயில் போட்டுக்கொள்ள வேண்டியவர் நோயாளிதான். ஆகவே பாஸ்டன் டீக்கனஸ் மருத்துவமனையில் நோயாளிகளுக்கு வகுப்புகள் நடந்தன. உணவை நிறுக்கவும், ஊசியைத் தாமே போட்டுக்கொள்ளவும், சிறுநீரைத் தாமே சோதிக்கவும் கற்றனர். நம் ஆய்வுக்கூடத்தில் நாம் கையாளும் அதே பெனடிக்ட் கரைசல்தான். கொதிக்க வைத்தபின் நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என மாறிச் செங்கல் நிறமானால் மிகுதி. பயிற்சி பெற்ற செவிலியரை நோயாளிகளின் வீடுகளுக்கே அனுப்பினார். இன்றைய நீரிழிவுக் கல்வியாளர்களுக்கு அச்செவிலியரே முன்னோடிகள்.

பாதத்தின்மீது அவர் காட்டிய அக்கறை தனிச்சிறப்புடையது. நரம்பு கெட்டு உணர்ச்சி குன்றிய காலில் புண் அழுகி, காலையே எடுக்க நேர்வது விதியன்று, கவனக்குறைவின் விளைவே என்று 1934இல் எழுதினார். தினமும் பாதத்தைக் கழுவித் துடைத்துப் பார்ப்பதும் சிகிச்சையே என்று கற்பித்தார்.

உணவு, இன்சுலின், உடற்பயிற்சி என்னும் மூன்று குதிரைகள் பூட்டிய தேருக்கு நீரிழிவு மருத்துவத்தை ஒப்பிட்டார் ஜாஸ்லின். கடிவாளம் நோயாளியின் கையில் இருந்தது. நெடுங்காலம் சிக்கலின்றி வாழ்ந்த நோயாளிகளுக்குப் பதக்கம் அளித்துப் பாராட்டினார்.

அவரிடம் குறை இல்லாமல் இல்லை. கண்டிப்பு மிகுந்தவர். நோய் முற்றினால் நோயாளி ஒழுங்கு தவறியதே காரணம் என்பதுபோல் அவர் பேச்சு சிலருக்குப் பட்டது. வறுமையும் வேலைச் சுமையும் ஒழுங்கைக் குலைக்கும் என்பதை நாம் மறக்கலாகாது. ஆயினும் தம்மீதும் அதே கண்டிப்பைக் காட்டியவர் அவர். முதுமையிலும் உழைத்து, 1962 ஜனவரி 28ஆம் நாள், 92ஆம் வயதில் மறைந்தார்.

அவர் வாழ்ந்த காலத்திலேயே நம் நாட்டிலும் விளக்கேற்றப்பட்டது. 1948இல் சென்னை அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விஸ்வநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். நம் மக்களின் உணவுப் பழக்கத்துக்கு ஏற்ப, நார்ச்சத்து மிகுந்த உணவு முறையை வகுத்ததும் அவர் தொண்டுகளுள் ஒன்று. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் மாத்திரை வீடு தேடி வருகிறது. 2023இல் வெளியான ஆய்வோ இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கூறுகிறது. ஜாஸ்லின் கண்ட அந்த மூன்று வீடுகள் இன்று நம் தெருவிலும் இருக்கின்றன.

மருத்துவத்தின் நான்கு உறுப்புகளைச் சொல்லும் வள்ளுவர், மருத்துவரையோ மருந்தையோ முதலில் வைக்கவில்லை. நோயாளியையே முதலில் வைத்தார். ஜாஸ்லின் குறளைப் படித்தவரல்லர். ஆயினும் அவ்வரிசையை வாழ்ந்து காட்டினார். மாணவ நண்பர்களே, மாத்திரை வீட்டுக்கு வந்துவிடும். பாடம் தானே வராது. கொல்லைக்குச் செருப்பின்றிப் போய்வரும் நம் தாத்தாவின் பாதத்தை இன்று மாலை விளக்கு வெளிச்சத்தில் பார்ப்போம். சிறு புண் கண்டால் மறுநாளே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோம். படித்த பேரப்பிள்ளை வீட்டுக்குச் செய்யவேண்டிய முதற்கடன் அதுவே.