பேச்சின் இருப்பிடத்தைத் தேடிய டாக்டர்

அந்த நோயாளியின் பெயர் லெபோர்ன். ஆனால் ஆஸ்பத்திரியில் யாரும் அவரை அப்படி அழைப்பதில்லை. டான் என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஏன் தெரியுமா? அவருக்குப் பேச வந்த ஒரே சொல் அதுதான்!

எதைக் கேட்டாலும் டான், டான் என்பார். கையை ஆட்டி, முகத்தைச் சுளித்து, எதிரில் இருப்பவருக்கு எப்படியாவது புரியவைக்கப் பார்ப்பார். புரியாவிட்டால் கோபம் வரும். கோபம் எல்லை மீறினால் மட்டும், கடவுள் பெயரை இழுத்து ஒரு வசவு தெளிவாக வந்து விழும். பிறகு மறுபடியும் டான், டான்தான்.

அவருக்குக் காது நன்றாகக் கேட்டது. நாக்கும் நன்றாக அசைந்தது. பிறவி ஊமையும் அல்ல. 30 வயது வரை எல்லாரையும் போலப் பேசியவர். தொப்பிக்காரர்களுக்கு வேண்டிய அச்சுக்கட்டைகள் செய்து பிழைத்தவர். பேச்சு போனதும் பாரீசுக்கு அருகில் உள்ள பீசெத்ர் ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து விட்டார்கள். அங்கேயே 21 வருடங்கள் கழிந்தன. பேச்சு போய்ச் சுமார் பத்து வருடங்கள் கழித்து வலது கை விழுந்தது. பிறகு வலது காலும் விழுந்தது. படுத்த படுக்கையானார்.

1861-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் அந்தக் காலில் புண் வைத்து அழுகத் தொடங்கியது. அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிச் சென்றார்கள். அங்கே டாக்டராக இருந்தவர் பால் புரோக்கா.

டாக்டரின் மகன்

புரோக்கா 1824-ம் ஆண்டு ஜூன் 28-ந்தேதி பிறந்தார். பிரான்சின் தென்மேற்கே, போர்தோ நகருக்கு அருகில் உள்ள சிற்றூர் அவருடைய ஊர். தந்தையும் டாக்டரே. மகன் 17 வயதில் வைத்தியம் படிக்கப் பாரீசுக்குப் போனார். படிப்பில் புலி. மைக்ராஸ்கோப்பில் புற்றுநோயை ஆராய்ந்து இளம் வயதிலேயே பெயர் எடுத்தார்.

1859-ம் ஆண்டு மனித இனத்தைப் பற்றி ஆராய ஒரு சங்கம் தொடங்கினார். அரசாங்கத்துக்குச் சந்தேகம்! மனிதனைப் பற்றிப் பேசுகிறவர்கள் அரசியலும் பேசமாட்டார்களா? சங்கம் கூடும்போது போலீஸ்காரர் ஒருவர் வந்து உட்காரவேண்டும் என்ற நிபந்தனையின் பேரில்தான் அனுமதி கிடைத்தது.

அந்தச் சங்கத்தில் அப்போது சூடான விவாதம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. மூளை முழுவதும் சேர்ந்து வேலை செய்கிறதா, அல்லது ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வோர் இடம் இருக்கிறதா என்பதே கேள்வி. பேச்சுக்கு உரிய இடம் நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது என்று பூயோ என்ற பெரிய டாக்டர் பல வருடங்களாகச் சொல்லி வந்தார். அந்த இடம் அழிந்தும் பேசக்கூடிய ஒருவரைக் காட்டினால் 500 பிராங்க் தருவதாக 1848-ம் ஆண்டில் பந்தயமே கட்டினார். மாமனாரின் கட்சியை இப்போது மருமகன் பேசிக்கொண்டிருந்தார். அவரும் டாக்டர்.

புரோக்கா அந்த மருமகனையே அழைத்து வந்து டானைக் காட்டினார்.

கை விரல்கள் சொன்ன பதில்

டானுக்கு அறிவு இருக்கிறதா? முதலில் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆஸ்பத்திரிக்கு வந்து எத்தனை வருடம் ஆகிறது என்று புரோக்கா கேட்டார். டான் இடது கையை நான்கு முறை விரித்துக் காட்டினார். பிறகு ஒரு விரலைக் காட்டினார். 21! கணக்குச் சரி. மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். மூன்றாவது முறை கேட்டபோது தம்மைச் சோதிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்த வசவு வந்தது! கடிகாரத்தைக் காட்டினால் மணியையும் சரியாகக் காட்டினார்.

எண்ணம் இருந்தது. அதைச் சொல்லாக்கும் வழிதான் அடைபட்டிருந்தது.

கால் புண்ணுக்கு அந்தக் காலத்தில் மருந்து இல்லை. ஏப்ரல் 17-ந்தேதி டான் இறந்தார். புரோக்கா மண்டையைத் திறந்து பார்த்தார். மூளையின் இடது பக்கம், முன் பாகத்தில், ஒரு கோழி முட்டை அளவுக்குப் பள்ளம்! மறுநாளே அந்த மூளையைச் சங்கத்தாருக்குக் காட்டினார்.

ஒருவரை வைத்து ஒன்றும் சொல்லிவிட முடியாது. சில மாதங்களில் லெலோங் என்ற 84 வயதுக் கிழவர் தொடை எலும்பு முறிந்து வந்தார். அவருக்கு ஐந்தே சொற்கள் வந்தன. எண் என்றால் எல்லாவற்றுக்கும் மூன்று என்பார். அதையும் குழந்தை போல மழலையாகச் சொல்வார். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் மூன்று என்று சொல்லி நான்கு விரலைக் காட்டுவார். நான்குதான் அவர் சொல்ல நினைத்தது! அவர் இறந்த பிறகு பார்த்தால், அவருக்கும் அதே இடத்தில் சேதம்.

1863-ம் ஆண்டுக்குள் எட்டுப் பேரைப் பார்த்துவிட்டார். எட்டுப் பேருக்கும் இடது பக்கம்! இது புரோக்காவுக்கே ஆச்சரியம். இரண்டு கண், இரண்டு காது போல மூளையின் இரண்டு பாதியும் ஒன்றுபோலவே வேலை செய்யும் என்று நம்பிய காலம் அது. இருந்தும் 1865-ம் ஆண்டில் துணிந்து எழுதினார். பெரும்பாலோர் இடது பாதியைக் கொண்டே பேசுகிறார்கள் என்றார். குழந்தையிலேயே இடது பக்கம் கெட்டுப்போனால் வலது பக்கம் பேசக் கற்றுக்கொள்ளக்கூடும் என்றும் சொன்னார். இளம் குழந்தைகள் விஷயத்தில் இது உண்மை என்று பின்னால் வந்த டாக்டர்கள் கண்டார்கள். அந்த முன்பகுதிக்குப் புரோக்காவின் பெயரையே வைத்தார்கள்.

1874-ம் ஆண்டில் வெர்னிக்கே என்ற 26 வயது ஜெர்மன் டாக்டர் இன்னோர் இடத்தைக் காட்டினார். அது காதுப் பக்கமாக, சற்றுப் பின்னால் இருப்பது. அங்கே அடிபட்டவர்கள் மளமளவென்று பேசுவார்கள். ஆனால் பேச்சில் பொருள் இராது. பிறர் சொல்வதும் புரியாது.

கறுப்புப் பக்கம்

புரோக்கா தவறே செய்யாதவர் அல்ல. மண்டை ஓடுகளை அளந்து, மூளையின் அளவைக் கொண்டு இனங்களை உயர்வு தாழ்வு பிரித்தார். பெண்களின் மூளை சிறியது, ஆகவே அறிவும் குறைவு என்று எழுதினார். பேச்சு விஷயத்தில் எட்டு நோயாளிகளைப் பார்க்கும் வரை பொறுத்திருந்தவர் இதில் மட்டும் அவசரப்பட்டுவிட்டார். அந்த முடிவுகள் தவறு என்று பிற்கால ஆராய்ச்சி காட்டிவிட்டது.

1880-ம் ஆண்டு பிரெஞ்சு செனட் சபைக்கு ஆயுள் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தப் பதவி நீடிக்கவில்லை. ஜூலை 9-ந்தேதி, 56-வது வயதில் காலமானார். அவருடைய மூளையையும் எடுத்துப் பாட்டிலில் போட்டு வைத்தார்கள்.

டானின் மூளையைப் புரோக்கா துண்டு போடவில்லை. முழுதாகவே சாராயத்தில் ஊறவைத்திருந்தார். அதனால் ஒரு நன்மை விளைந்தது. வெட்டாமலே உள்ளே பார்க்கும் ஸ்கேன் கருவியில் அதை வைத்துப் பார்த்தார்கள். 2007-ம் ஆண்டு அந்த முடிவு வெளியாயிற்று. புரோக்கா மேலே கண்டதைவிடச் சேதம் உள்ளே வெகு ஆழம் போயிருந்தது. பேச்சு ஓரிடத்தில் மட்டும் குடியிருக்கவில்லை, பல இடங்களையும் அவற்றை இணைக்கும் நரம்பு இழைகளையும் நம்பியிருக்கிறது என்று இன்றைய டாக்டர்கள் சொல்கிறார்கள்.

புரோக்கா எழுதிய குறிப்பில் நோயாளியின் குடும்பப் பெயர் மட்டுமே இருந்தது. மீதிப் பெயர் 150 வருடங்களாக யாருக்கும் தெரியாமலே இருந்தது. பழைய பதிவேடுகளைப் புரட்டி, 2013-ம் ஆண்டில்தான் அதை வெளியிட்டார்கள். லூயி விக்டர் லெபோர்ன்.