100 பாயிண்டு போட்டவர் பந்தைக் கொடுக்கக் கற்றார்!

பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து கோஷ்டி சேர்க்கிறார்கள் என்றால் முதலில் யாரைத் தேடுவார்கள்? உயரமான பையனைத்தான்! ஆவடியானாலும் சரி, அம்பத்தூர், பூந்தமல்லியானாலும் சரி, இதுதான் வழக்கம். அவனைக் கூடைக்கு அருகில் நிறுத்துவார்கள். அந்த இடத்துக்கு 'சென்டர்' என்று பெயர். பந்து வந்தால் பிடிக்க வேண்டும், கூடையில் போட வேண்டும். அவ்வளவுதான் அவன் வேலை என்று பலர் எண்ணுகிறார்கள்.

அது போதாது என்பதைப் பல தோல்விகளுக்குப் பிறகு தெரிந்துகொண்டவர் ஒருவர். உயரம் 7 அடி 1 அங்குலம். பெயர் வில்ட் சேம்பர்லேன்.

தொழிலாளி வீட்டுப் பிள்ளை

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் 1936-ம் ஆண்டு ஆகஸ்டு 21-ந்தேதி அவர் பிறந்தார். கறுப்பர் குடும்பம். தகப்பனார் தொழிலாளி. தாயார் பிறர் வீடுகளில் வேலை செய்தவர். வீட்டிலே பிள்ளைகள் அதிகம்.

பையன் கிடுகிடுவென்று வளர்ந்தான். வாசற்படி தாண்டும்போதெல்லாம் தலையைக் குனிய வேண்டியிருந்தது! அதை வைத்தே நண்பர்கள் அவனுக்குப் பட்டப்பெயர் சூட்டினார்கள்.

கான்சாஸ் சர்வகலாசாலையில் படித்தபோது, 1957-ல் அவருடைய கோஷ்டி கல்லூரிகளின் இறுதிப் பந்தயத்துக்கு வந்தது. கூடுதல் நேரம் 3 முறை கொடுக்கப்பட்டது. கடைசியில் ஒரே ஒரு பாயிண்டில் தோல்வி! அந்தத் தோல்வி அவரைப் பல ஆண்டுகள் துரத்தியது.

ஒரே ஆட்டத்தில் 100

1959-ல் அவர் பிலடெல்பியா கோஷ்டியில் தொழில்முறை ஆட்டக்காரராகச் சேர்ந்தார். முதல் ஆண்டிலேயே சிறந்த ஆட்டக்காரர் என்ற விருது கிடைத்தது.

1962-ம் ஆண்டு மார்ச்சு 2-ந்தேதி ஹெர்ஷி என்ற சிற்றூரில் நியூயார்க் கோஷ்டியுடன் ஆட்டம். பார்க்க வந்தவர்கள் 4,124 பேர்தான். அன்று சேம்பர்லேன் தனி ஒருவராக 100 பாயிண்டு எடுத்தார்! அந்த ஆண்டு முழுவதும் ஆட்டத்துக்குச் சராசரி 50 பாயிண்டுக்கு மேல். உலகமே மூக்கில் விரலை வைத்தது.

ஆனால் கோப்பை? அது கிடைக்கவில்லை! அதே ஆண்டில் பாஸ்டன் கோஷ்டியிடம் 2 பாயிண்டில் தோற்றார்கள். 1965-ல் மீண்டும் பாஸ்டனிடம் ஒரு பாயிண்டில் தோல்வி. பாஸ்டனின் சென்டர் பில் ரசல், சேம்பர்லேனைவிடக் குட்டை. பாயிண்டும் குறைவு. ஆனால் கோப்பை ஆண்டுதோறும் அவர் பக்கமே போயிற்று. சேம்பர்லேன் தனக்காக ஆடுகிறார், ரசல் கோஷ்டிக்காக ஆடுகிறார் என்று ஊர் பேசியது.

பயிற்சியாளர் சொன்ன வழி

1966-ல் அலெக்ஸ் ஹானம் என்பவர் பயிற்சியாளராக வந்தார். சேம்பர்லேன் கூடைக்கு எறிவதைக் குறைக்க வேண்டும், பந்தைத் தோழர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்றார்.

காரணம் எளிது. சேம்பர்லேன் கையில் பந்து வந்தால் எதிரிகள் 2 பேர், 3 பேர் அவரைச் சூழ்ந்துகொள்வார்கள். அப்போது அவருடைய தோழர்களில் ஒருவராவது தடுப்பாரின்றி நிற்பார். அவருக்குப் பந்து போனால் கூடை நிச்சயம்!

பாயிண்டு மன்னருக்கு இது சின்னத் தியாகமா? ஆனாலும் அவர் கேட்டார். 50 ஆக இருந்த சராசரி 24 ஆக இறங்கியது. கோஷ்டியோ 81 ஆட்டங்களில் 68-ல் வென்றது! தொடர்ந்து 8 ஆண்டுகள் கோப்பையை வைத்திருந்த பாஸ்டன் 1967-ல் வீழ்ந்தது. சேம்பர்லேனுக்கு முதல் கோப்பை கிடைத்தது.

அடுத்த ஆண்டு, தோழர்கள் கூடை போடும்படி பந்து கொடுத்தவர்கள் பட்டியலில் அவரே முதல்வர். 702 தடவை! சென்டர் ஒருவர் அந்த இடத்தைப் பிடித்தது அதுவே முதல் முறை.

அளவுக்கு மிஞ்சினால்...

கொடுப்பதிலும் அளவு வேண்டும் அல்லவா? 1968-ல் பாஸ்டனுடன் முடிவான ஆட்டம். இரண்டாம் பாதி முழுவதும் சேம்பர்லேன் கூடைக்கு எறிந்தது 2 தடவைதான். 4 பாயிண்டில் கோஷ்டி தோற்றது. முன்பு அதிகம் எறிந்தார் என்று ஏசியவர்களே இப்போது ஏன் எறியவில்லை என்று ஏசினார்கள்!

அந்த ஆண்டே அவர் லாஸ் ஏஞ்சல்ஸ் கோஷ்டிக்கு மாறினார். 1969-ல் முழங்காலில் பலத்த காயம். இனி அவ்வளவுதான் என்றார்கள். அவரோ மீண்டு வந்தார்.

1971-ல் பில் ஷர்மன் பயிற்சியாளரானார். சேம்பர்லேனுக்கு அப்போது வயது 35. எதிரியைத் தடுப்பது, கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடித்து உடனே தோழருக்கு வீசுவது, இவையே அவர் வேலையாயின. சராசரி 14.8 பாயிண்டுதான். ஆனால் கோஷ்டி தொடர்ந்து 33 ஆட்டங்களில் வென்றது!

1972 இறுதிப் பந்தயத்தில் எதிரி யார் தெரியுமா? முன்பு 100 பாயிண்டு கொடுத்த அதே நியூயார்க்! 4-வது ஆட்டத்தில் சேம்பர்லேன் விழுந்து கையில் அடிபட்டது. 5-வது ஆட்டத்தில் கட்டுடன் வந்தார். 29 முறை திரும்பிய பந்தைப் பிடித்தார். தேவைப்பட்ட இடத்தில் கூடைக்கும் எறிந்து 24 பாயிண்டு எடுத்தார். கோப்பை லாஸ் ஏஞ்சல்சுக்கு! இறுதிப் பந்தயத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கு!

எடுக்கவும் தெரிந்தது, கொடுக்கவும் தெரிந்தது, எப்போது எது என்பதும் தெரிந்தது. அன்றுதான் அவர் முழு ஆட்டக்காரர் ஆனார்.

1973-ல் தொழில்முறை ஆட்டத்தை விட்டார். மொத்தம் 31,419 பாயிண்டு. 1999-ம் ஆண்டு அக்டோபர் 12-ந்தேதி, 63-வது வயதில் காலமானார்.

100 என்ற எண்ணை இன்றும் உலகம் பேசுகிறது. ஆனால் அவருக்குக் கோப்பை கிடைத்தது, பந்தைக் கொடுக்கக் கற்ற பிறகுதான். நம் ஊர் மைதானத்தில் கூடைக்கு அருகே நிற்கும் உயரமான பையனுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்!