மருந்தின் சொந்தப் பெயர்

சென்ற வருடம் என் தம்பிக்குக் கடும் காய்ச்சல். உம்மா வேலைக்குப் போகுமுன் காய்ச்சலுக்கான பாணி மருந்தைக் கொடுத்துவிட்டுச் சென்றார். உடம்பு நோகிறது என்று அவன் அழவே, வீட்டிலிருந்த இன்னொரு போத்தலை எடுத்து நானும் கொடுத்தேன். இரண்டிலும் பெரிய எழுத்தில் வெவ்வேறு பெயர்கள். கீழே இருந்த சிறிய எழுத்தைப் பிறகு வாசித்தபோதுதான் நெஞ்சு பதறியது. இரண்டுமே பரசிட்டமோல்!

விஞ்ஞானப் பிரிவில் படிக்கும் எனக்குக் கணக்குத் தெரியும். பிள்ளையின் நிறையில் ஒரு கிலோவுக்கு ஒரு தடவையில் கூடியது 15 மில்லிகிராம். தம்பி 12 கிலோ. ஆகவே 180 மில்லிகிராம். 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணியில் அது 7.5 மில்லிலீற்றர். ஆனால் அவன் வயிற்றுக்குள் போனது அதைப்போல் இரு மடங்கு. கணக்குச் சரி, பெயரில்தான் நான் பிழைத்தேன். வாப்பா உடனே வைத்தியரிடம் தூக்கிச் சென்றார். அல்ஹம்துலில்லாஹ், ஆபத்து எதுவும் இல்லை. ஆனால் நாள் முழுக்க அப்படியே கொடுத்திருந்தால் ஈரல் பாதிக்கப்பட்டிருக்கலாம்.

அன்றிரவு வாப்பா சொல்லித்தான் பேராசிரியர் சேனக பிபிலே என்ற பெயரை நான் அறிந்தேன்.

1920ஆம் ஆண்டு பெப்ரவரி 13ஆம் திகதி பிறந்த அவர், எமது கண்டி திரித்துவக் கல்லூரியின் மாணவர். கொழும்பு மருத்துவக் கல்லூரியில் கற்று 1945இல் வைத்தியரானார். ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் 1952இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1958இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் மருந்தியல் பேராசிரியரானார். பேராதனை மருத்துவ பீடத்தின் முதல் பீடாதிபதியும் அவரே. கண்டியிலிருந்து பஸ்ஸில் போகும்போது நாம் கடந்து செல்லும் அந்தப் பீடத்தின் ஆரம்ப நாட்களில் அவரது உழைப்பு இருக்கிறது.

வசதியாக வாழ்ந்திருக்கக்கூடிய அவரை வருத்திய விடயம் ஒன்று இருந்தது. ஒரே மருந்து பல வர்த்தகப் பெயர்களில், பல விலைகளில் நாட்டுக்குள் வந்தது. பெயருக்காக ஏழைகளும் கூடுதலாகச் செலவழித்தார்கள். 1971இல் வைத்தியர் எஸ்.ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து அவர் அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். அதே ஆண்டில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. அதன் முதல் தலைவர் அவரே. 2000க்கும் மேற்பட்ட மருந்துகளைக் கொண்டிருந்த இறக்குமதிப் பட்டியல் ஏறத்தாழ 600 ஆகச் சுருங்கியது. உலகெங்கும் கேள்விப்பத்திரம் கோரி, தரமான மருந்தைக் குறைந்த விலைக்கு வாங்கினார்கள். மருந்தை அதன் சொந்தப் பெயரால் எழுதும் வழக்கத்தை வளர்க்கப் பாடுபட்டார்கள்.

பெரும் கம்பனிகள் எதிர்த்தன. வைத்தியர்களிலும் சிலர் விரும்பவில்லை. அவர் தளரவில்லை. பின்னர் ஏனைய வறிய நாடுகளுக்கும் இவ்வழியைக் காட்ட ஐக்கிய நாடுகள் சபையின் பணியில் சேர்ந்தார். அப்பணியில் தென் அமெரிக்காவின் கயானாவில் இருந்தபோது, 1977 செப்டெம்பர் 29ஆம் திகதி காலமானார். வயது 57. உலக சுகாதார ஸ்தாபனம் அத்தியாவசிய மருந்துகளின் முதலாவது பட்டியலை வகுத்ததும் அதே 1977இல்தான்.

இன்று வாப்பா உம்மும்மாவின் பிரஷர் குளிசைகளை ஒசுசலவில் வாங்கி வரும்போதெல்லாம் நான் பெட்டியைத் திருப்பிப் பார்க்கிறேன். குளிசையோ, கெப்சூலோ, பாணியோ, முதலில் சிறிய எழுத்திலுள்ள பெயர். அடுத்து எத்தனை மில்லிகிராம். அதன் பிறகுதான் கணக்கு. பாணியை வீட்டுக் கரண்டியால் அளப்பதையும் விட்டுவிட்டோம். போத்தலோடு வரும் அளவுக் கிண்ணம்தான்.

அன்புத் தோழியரே, பெற்றோரே! இன்று வீட்டுக்குப் போனதும் மருந்துப் பெட்டியை ஒரு தடவை திறந்து பாருங்கள். ஒரே மருந்து இரண்டு பெயர்களில் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அந்தச் சிறிய எழுத்துக்காகவே ஒரு மனிதர் தன் வாழ்நாளில் பெரும் பகுதியைச் செலவிட்டார். அதை வாசிக்க நமக்கு ஒரு நிமிடம் போதும்.